இடது முன் சக்கரத்து மழை

ஆனைசேரிக் கண்மாயில் தண்ணீர் நின்று பல வருஷமாகியிருந்த ஒரு பங்குனி மாதத்தில், டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முத்திருளாயியின் பழைய வெள்ளைக் கார் ரேஷன் கடைக்கு முன்னால் வந்து நின்றதும், கட்டில் அகலத்துக்கு ஒரு மேகம் தாழ இறங்கிவந்து, காரின் இடதுபக்க முன் சக்கரத்தின் மேல் மட்டும் மழை பெய்துவிட்டுப் போனது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சக்கரம் சீறியது, ஆவி எழுந்தது, தரையில் தேங்கிய தண்ணீரை ஒரு நாய் வந்து நக்கிக் குடித்தது. வரிசையில் பையோடு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஊர்த் தலைவர் சேதுராமு மட்டும், "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் பெஞ்சிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை, ஏனென்றால் உள்ளே அரிசி போட ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த ஊருக்கு இருந்தது அந்த ஒரு கார்தான். முத்திருளாயியின் புருஷன் வாங்கிப்போட்டுவிட்டு லாரியோடு வடக்கே போய்விட, ஓட்டப் பழகியிருந்த முத்திருளாயி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். வலி கண்ட பெண்களையும், பாம்பு கடித்தவர்களையும், காய்ச்சலில் துவண்ட பிள்ளைகளையும் கருவேலங்காட்டு ரோட்டில் டவுனுக்குக் கொண்டுசேர்த்தது அவள்தான். எல்லாரையும் விட அதிகமாக அந்தக் காரில் உட்கார்ந்தவள் சேதுராமுவின் மனைவி பஞ்சவர்ணம். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டியிருந்தது அவளுக்கு. நாளெல்லாம் சேர்த்து ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீருக்காக ஊரே தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மைல்கணக்காக நடந்த அந்த வெயிலில், தண்ணீர் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

மழைக்கு முன்பே கார் ஒருமாதிரியாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுப்பது போல ஓட்டம் கனத்தது. சமதரையில் கியரை எடுத்துவிட்டால் உருளாமல் அப்படியே நின்றது. டவுனுக்குள் நுழையும்போது கருகிய வாடை வந்தது. மழை பெய்ததற்கு மறுநாள், ஹைவே பிரியும் இடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சூசையிடம் முத்திருளாயி காரைக் கொண்டுபோனாள்.

சூசை தாட்டியான ஆள். பேச்சு குறைவு. காரைச் சுற்றிவந்து நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்க் காட்டினார். மூன்றில் சூடு இல்லை. இடது முன்பக்கத்தில் சூட்டில் கை அண்டவில்லை.

"இது ஒண்ணுதான் பிடிச்சுக்கிட்டு வருது" என்றார்.

அவர் ஜாக்கி போட்டுத் தூக்கும்போதே மேகம் வந்துவிட்டது. சூசை அண்ணாந்து பார்த்தார், டூல்ஸ் பெட்டியைக் காலால் நகர்த்தி உள்ளே தள்ளினார், மழை நிற்கும் வரை சுவரில் சாய்ந்து நின்றார், பிறகு மறுபடியும் வந்து உட்கார்ந்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் மேல்முனையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் சுற்றினார்; அப்போதும் அசையவில்லை. முனையை இறுக்கிவிட்டு, சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற காலிப்பரில் காற்று எடுக்கும் சின்னத் திருகைத் திறந்தார். பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது. அடித்து முடிந்த அந்த நொடியில் சக்கரம் விட்டுக்கொடுத்தது, ஒரு சுற்று சுற்றியது.

"காலிப்பர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு இந்த ஹோஸ்ல" என்று ஒரு சாண் நீளத்துக்கு நெளிந்து தொங்கிய ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினார். "வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. வயசாகி உள்ளுக்குள்ள வீங்கிக்கிடக்கு. நீ மிதிச்சா ஆயிலை உள்ள விடுது. காலை எடுத்தா திரும்பி விடமாட்டேங்குது. நீ பிரேக்கை விட்டுட்டேன்னு நினைச்சு ஓட்டுற, அது விடாமப் பிடிச்சுக்கிட்டே வருது. அந்தச் சூடுதான்."

"அப்ப மழை?"

"அது எனக்குத் தெரியாது தாயி. நான் பிரேக்தான் பாப்பேன்."

அவ்வளவு பழைய காருக்கு ஹோஸ் அந்தப் பக்கத்தில் கிடைக்காது, மதுரையில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். அதுவரை பிரேக்கை ரொம்பத் தொடாமல் கியரிலேயே வேகத்தைக் குறைத்து ஓட்டும்படி சொன்னவர், அவள் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. சூடு எல்லை மீறினா உள்ள இருக்கிற ஆயில் கொதிச்சுக் குமிழியாயிரும். குமிழியை மிதிச்சா பெடல் அடியோட போகும், வண்டி நிக்காது."

ஹோஸ் மதுரையிலிருந்து வருவதற்குள் ஆனைசேரி அந்த மழைக்குப் பழகிவிட்டது. முதலில் ஒரு குடம் வைத்தார்கள், பிறகு சக்கரத்தைச் சுற்றி வட்டமாக அண்டாவும் வாளியும் வைத்தார்கள், பிறகு சேதுராமு தெருவாரியாக முறை போட்டு, கார் இன்று கீழத்தெருவில் நிற்கும், நாளை பள்ளிவாசல் பக்கம் நிற்கும், அதற்கடுத்து மாதா கோயில் முக்கில் நிற்கும் என்று ஏற்பாடு செய்தார். அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் பிள்ளை பெற்றவர்கள் அதில்தான் குளிக்க வேண்டும் என்று ஆனது, அதில் பருப்பு வெண்ணெயாக வெந்ததால் கல்யாண வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க ஆரம்பித்தார்கள். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கும் பழக்கமே ஊரில் நின்றுபோய், இன்றைக்குச் சக்கரம் எவ்வளவு சூடு என்று கேட்பது பழக்கமானது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கடலிலிருந்து ஆவி எழுந்து மேகமாகும் பாடத்தை நடத்தியபோது பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், மணி அடித்ததும் காரைப் பார்க்க ஓடினார்கள்.

சூடு கூடினால் மழையும் கூடும் என்பதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. டவுன் வரை போய்வந்தால் கட்டில் அகலத்து மேகம் பந்தல் அகலத்துக்கு வந்தது. சும்மா கடைத்தெருவுக்குப் போய்வந்தால் ஒரு முறம் அளவுக்குத்தான் வந்தது. பிறகு முத்திருளாயி கிளம்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "வர்ற வழியில கொஞ்சம் மிதிச்சுக்கிட்டே வா தாயி" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார்கள். அவளும் மிதித்தாள். சேதுராமுவின் மிளகாய்ச் செடிகள் வாடித் தலைதொங்கிக் கிடந்த வயலோரம் கார் போய் நின்ற அன்று, பந்தலுக்கும் பெரிய மேகம் ஒன்று வந்து வரப்பு தாண்டிப் பெய்ததைப் பார்த்தவர்கள், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நின்றார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மழை பெய்யும்போது பஞ்சவர்ணம் காரை விட்டு இறங்குவதில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கையைக் கவிழ்த்துவிட்டு, ஈரமான ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்துக்கொள்வாள்.

"எப்படி இருக்கு மதினி?" என்று முத்திருளாயி ஒருமுறை கேட்டாள்.

"தித்திப்பா இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

ஹோஸ் வந்துவிட்டதென்று சூசை போன் செய்த அன்று, முத்திருளாயி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் ஊர் நின்றது. யாரும் மறிக்கவில்லை. பெண்கள் காலிக்குடத்தோடு நின்றார்கள், அவ்வளவுதான். சேதுராமு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு பேசினார்.

"மிளகா பூவும் பிஞ்சுமா நிக்குது தங்கச்சி. பழுத்து எடுக்கிற வரைக்கும் பொறுத்துக்க. ஊருக்காகக் கேக்குறேன்."

"சூசை அண்ணன் ஆபத்துன்னு சொல்றாருண்ணே. உங்க வீட்டு மதினியைத்தான் நான் ஏத்திக்கிட்டுப் போறேன்."

சேதுராமு தரையைப் பார்த்தபடியே, "நீ நிதானமாத்தான ஓட்டுற" என்றார்.

முத்திருளாயி குடங்களைப் பார்த்தாள், மறுபடியும் சாவியை ஆணியில் மாட்டினாள். மாட்டும்போதே மனசு ஒப்பவில்லை. ஆனால் அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு மழை கிடையாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு காலையில், பஞ்சவர்ணத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது, டவுனுக்கு முன்னால் ரோடு சரிந்து இறங்குகிற இடத்தில், ஒரு ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. முத்திருளாயி பிரேக்கை மிதித்தாள். பெடல் பஞ்சை மிதித்தது போல அடிவரை போனது. இன்னொரு முறை மிதித்தாள். ஒன்றுமே இல்லை. ஆடுகள் ரோடு முழுக்க நின்றன, மேய்க்கிறவர் கம்பை ஆட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

அவள் கியரைக் கீழே தள்ளினாள், எஞ்சின் அலறியது, இன்னும் கீழே தள்ளினாள், கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள், கடைசி ஆட்டுக்கு முன்னால் ஸ்டியரிங்கை ஒடித்துக் கருவேலம் புதருக்குள் விட்டாள். முள் கண்ணாடியைக் கீறியது. யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணல்மேட்டில் முட்டி வண்டி நின்றது.

ஊரில்லாத அந்த இடத்துக்கும் மேகம் வந்தது. குடமும் இல்லாமல் வாளியும் இல்லாமல், அவ்வளவு மழையும் மணலில் இறங்கிப் போனது. பஞ்சவர்ணம் இந்த முறை கையை நீட்டவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் கடைசியில். "ஆனா இனிமே இந்தக் காருல இப்படி என்னைக் கூட்டிட்டு வராத இருளாயி. வரமாட்டேன்னு சொல்லவும் எனக்கு வழியில்ல. வராட்டி நான் இருக்கமாட்டேன்."

முத்திருளாயி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை பஞ்சவர்ணம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டுக்காரர் நிறுத்திக் கொடுத்த ஒரு சரக்கு ஆட்டோவில் ஏறி இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சாயங்காலம் ரேஷன் கடைக்கு முன்னால் ஊர் கூடியது. நடந்ததை முத்திருளாயி சொன்னாள். நாளைக்கே ஹோஸ் மாட்டப்போகிறேன் என்றும் சொன்னாள். கூட்டம் முணுமுணுத்தது. விளையும் நேரத்தில் தண்ணீர் போனால் எல்லாம் போச்சு என்று ஒரு குரல் வந்தது. இன்னும் கொஞ்சநாள்தான் என்று இன்னொன்று வந்தது. அப்போது, களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். ஊருக்கு நடுவில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்க எல்லாரையும் விடத் தாகம்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அதனால யாரையும் குத்தம் சொல்லல. நாளன்னைக்கு அந்தச் சீட்டுல நான் இருப்பேன், அடுத்த வாரம் உங்க மக வலியோட இருப்பா. அதை மட்டும் நினைச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சேதுராமு பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் முகம் என்னவோ ஆனது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு விடு தங்கச்சி" என்றார்.

கூட்டம் கலையவில்லை. யாரும் எதுவும் கேட்கவுமில்லை. அவர்கள் கேட்காமல் நின்றதைத்தான் முத்திருளாயியால் தாங்க முடியவில்லை. அவளே சொன்னாள்: "மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை. ஆள் ஏத்தாம, ரோட்டுல போகாம, கண்மாய்க்குள்ள மட்டும். நான் ஒருத்தி ஓட்டுறேன்."

மறுநாள் சூசை காரை மணல்மேட்டிலிருந்து ஊருக்கு இழுத்துவந்தார். அதற்கடுத்த நாள் காலை வந்து, இந்த ஓட்டம் வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. அவர் பழைய பிரேக் ஆயிலை எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, பெடல் நிற்கிறதா என்று மிதித்துப் பார்த்து, "கொதிச்சா பிரேக்கை நம்பாத, வட்டத்தைப் பெருசாக்கிக்க, கண்மாய் மண்ணு தானா நிறுத்தும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, புது ஹோஸைத் தினத்தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கரையில் போய் நின்றார். கரை முழுக்க ஊர் நின்றது, பக்கத்து ஊர்களும் நின்றன. அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் என்று எல்லாரும் வெடித்துக்கிடந்த கண்மாயைப் பார்த்தபடி நின்றார்கள்.

கார் இறங்கியது. முத்திருளாயி வட்டமாக ஓட்டினாள், பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினாள், பிடித்துக்கொண்ட சக்கரத்தை எஞ்சின் இழுத்துக்கொண்டு போனது, மஞ்சள் புழுதி எழுந்து காரை மறைத்தது, விலகியது, மறுபடியும் மறைத்தது. கருகிய வாடை கரை வரை வந்தது. கொஞ்சநேரத்தில் சக்கரத்தின் நடுவில் பிரேக் டிஸ்க் மங்கலாகச் சிவந்தது, பிறகு உலையில் வைத்த இரும்பு மாதிரி பட்டப்பகலில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி சிவந்தது. உள்ளே ஸ்டியரிங்கின் அதிர்வு அவள் கை எலும்பு வரை ஏறியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில், இவ்வளவு பெரிய ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறோம் என்ற திகைப்பு இருந்தது.

பிறகு பெடல் அடியோடு போனது. சூசை சொன்னபடியே அவள் வட்டத்தைப் பெரிதாக்கினாள், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், புழுதி மண் டயரைக் கவ்வியது, கண்மாயின் நடுவில் கார் தானாக நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. வானம் வெளிறிக் கிடந்தது. முத்திருளாயி எஞ்சினை நிறுத்தினாள். சூடான இரும்பு டிக் டிக்கென்று குளிரும் சத்தம் மட்டும் கேட்டது. கரையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, என்ன நினைத்ததோ, பாதியில் நிறுத்திக்கொண்டது.

முதலில் காற்று நின்றது. பிறகு கிழக்கிலிருந்து ஒரு மேகம் வந்தது, தெற்கிலிருந்து ஒன்று வந்தது, வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தன, வேலைக்கு அழைத்த ஆட்கள் மாதிரி அவசரமில்லாமல் வந்து, காருக்கு மேலே ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கண்மாயை மூடி, கரையை மூடி, ஆனைசேரியையும் அதற்கப்பால் இருந்த ஊர்களையும் மூடி நின்றன. நிழல் விழுந்த கண்மாயில் சிவந்த சக்கரம் மட்டும் எரிந்தது. அதன் மேல் முதல் துளி விழுந்து சீறிய சத்தம் கரை முழுக்கக் கேட்டது. அதன் பிறகு விழுந்ததைத் துளி என்று சொல்ல முடியாது.

கரையிலிருந்தவர்கள் குடங்களைக் கீழே வைத்திருந்தார்கள், எடுக்க மறந்து நின்றார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டினார்கள், ஏன் கட்டினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பஞ்சவர்ணம் வாயை மூடிக்கொண்டு முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றாள், அவள் கன்னத்தில் வழிந்தது மழையா அழுகையா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வெடிப்புகள் குடித்தன, குடித்து நிறைந்தன, தண்ணீர் மேலே வந்து ஒரு தகடு போலப் பரவி, காரின் டயரைத் தொட்டது.

"வண்டி" என்றார் சேதுராமு. "வண்டி உள்ள கிடக்கு."

அவர்தான் முதலில் இறங்கினார். அவர் பின்னால் சூசை இறங்கினார், அதற்குப் பின்னால் கரை முழுக்கச் சரிந்து இறங்கியது. பக்கத்து ஊர்க்காரர்களும் இறங்கினார்கள். முழங்கால் சேற்றில் காரைச் சூழ்ந்துகொண்டு, முத்திருளாயியை உள்ளேயே இருந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் கயிறு கட்டி இழுத்தவர்களும் பின்னால் தோள் கொடுத்தவர்களுமாகத் தள்ளினார்கள். அந்த இடது முன் சக்கரம் அப்போதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சேற்றில் குனிந்து சூசை சின்னத் திருகைத் திறந்தார். சக்கரம் விட்டது. கார் நகர்ந்தது. மழை அதன் மேல் மட்டும் பெய்யாமல் எல்லார் மேலும் பெய்தது.

கரையேற்றியதும் சூசை ஒரு தார்ப்பாயைப் பிடிக்கச் சொல்லி, அதற்கடியில் உட்கார்ந்து பழைய ஹோஸைக் கழற்றினார். அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார், காற்று போகவில்லை, தூர வைத்தார். கருகிப்போன பிரேக் பேட்களை மாற்றினார். புது ஹோஸை மாட்டி, சேதுராமுவைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொல்லி, குமிழி போகும் வரை ஆயிலை வடித்தார். பிறகு எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, "இப்ப மிதிங்க" என்றார். சக்கரம் பிடித்தது. "இப்ப விடுங்க" என்றார்.

அவர் ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளினார். அது சுற்றியது. சத்தமில்லாமல், எதுவும் உரசாமல், நின்றுவிடும் என்று நினைத்த இடத்தைத் தாண்டியும் சுற்றியது. தார்ப்பாயைப் பிடித்திருந்தவர்களும் அதற்கடியில் குனிந்து பார்த்தவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மேகம் வந்த நாள்களில்கூட அவர்கள் அந்தச் சக்கரத்தை அப்படிப் பார்த்ததில்லை. தானாக நிற்கட்டும் என்று யாரும் கை வைக்காமல் இருந்தார்கள்.

அது நின்றதும், பஞ்சவர்ணம் ஈரச்சேலையைப் பிழிந்து உதறிவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"கிளம்பு இருளாயி" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."